கை வைக்கிறதுக்கு முன்னாடி கண்ணை வைக்கணும்: செமி ட்ரக் டீடெய்லிங் பத்தி கொஞ்சம் நீளமா

செமி ட்ரக், அதாவது ட்ரெய்லர இழுக்குற பெரிய லாரி, அதுக்கு டீடெய்லிங், அதாவது உள்ளயும் வெளியயும் நுணுக்கமா சுத்தம் பண்ணி பாலிஷ் போடுற வேலை, பண்றேன்னு சொன்னா நிறைய பேர் கேக்குறது, அதுவும் கார் மாதிரிதானே, வண்டி பெருசு, ஏணி வேணும், ஷாம்பு ஜாஸ்தி ஆகும், அவ்ளோதானேன்னு. கார் டீடெய்லிங்ல நல்லா கை தேறின பசங்க இந்தப் பக்கம் வரும்போதும் அதே நினைப்போடதான் வர்றாங்க. ஒரு வண்டிய முழுசா முடிச்சதும் அவங்களுக்கே தெரிஞ்சிடும். கார்ல வேலை முக்கால்வாசி பெயின்ட்லதான். ட்ரக்ல பெயின்ட் ஒரு பங்கு, மீதி எல்லாம் மெட்டல். வீல், ஃப்யூவல் டேங்க், பம்பர், எக்ஸாஸ்ட் ஸ்டாக், சன் வைசர், ஏறுற படி, ஏர் கிளீனர், பேட்டரி பாக்ஸ்னு எங்க திரும்பினாலும் மெட்டல், அதுலயும் பக்கத்துல பக்கத்துல இருக்குற ரெண்டு பளபள பாகம் ஒரே மெட்டலா இருக்கும்னு எந்த கேரண்டியும் கிடையாது.

இதுதான் எனக்கு சோறு போடுற தொழில். இதுல கஸ்டமர் எதுக்கு காசு தர்றாருன்னு என்னைக் கேட்டா, எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாதுன்னு தெரிஞ்ச ஆளுக்குத்தான் தர்றாருன்னு சொல்லுவேன். மினுமினுப்ப யார் வேணா கொண்டு வரலாம், ஒரு டப்பா பாலிஷும் ஒரு மெஷினும் இருந்தா ஒரு மத்தியானத்துல வந்துடும். ஆனா ஆறு மாசம் கழிச்சு அதே வீல் மேகம் மூடின மாதிரி ஆகி, ஹூட் ஓரத்துல பெயின்ட் தேஞ்சு போய் நிக்கும்போதுதான் யார் எப்படி வேலை பார்த்தாங்கன்னு வெளிய வரும். அதனால தண்ணி பைப்பத் தொடுறதுக்கு முன்னாடி வண்டிய ஒரு சுத்து சுத்தி வர்றத நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்கிறது இல்ல. டிரைவர் அவசரத்துல இருந்தாலும் சரி, வண்டி நேத்துதான் கழுவினதுன்னு சொன்னாலும் சரி.

அந்த ஒரு சுத்துல என்ன பார்க்கிறேன்னா, அழுக்கத்தான் பார்க்கிறேன். அழுக்கு எங்க இருந்து வந்துச்சு, எந்தப் பக்கமா ஓடியிருக்குன்னு பார்க்கிறேன். வீல் நட்டுல இருந்து வெளிப்பக்கமா துரு கோடு கோடா இழுத்துட்டு வந்திருந்தா, அந்த நட்டு லூஸா இருக்க வாய்ப்பு இருக்கு. ஹப் நடுவுல இருந்து எண்ணெய் தெறிச்சு ரிம் உள்பக்கம் பூரா ஈரமா தூசி ஒட்டியிருந்தா சீல் போயிருக்கும். எக்ஸாஸ்ட் பைப் கிளாம்ப் பக்கத்துல மட்டும் கரி படிஞ்சிருந்தா அங்க லீக் இருக்கு. டெஃப், அதாவது டீசல் புகையச் சுத்தம் பண்ண ஊத்துற திரவம், அதோட டேங்க் மூடி, பைப் ஜாயின்ட் ஓரமா வெள்ளையா உப்பு பூத்த மாதிரி இருந்தா அது யூரியா, டெஃப்ல 32.5 சதவீதம் யூரியா, மீதி தண்ணி, தண்ணி காஞ்சதும் யூரியா மட்டும் படிகமா நின்னுடும், மூடி ஓரத்துல கொஞ்சமா இருந்தா ஊத்தும்போது சிந்தினதா இருக்கும், பைப் நீளத்துக்கு இருந்தா கசிவு. இதெல்லாம் மெக்கானிக்குக்கு வண்டி எழுதி வச்ச குறிப்பு. நான் பிரஷர் வாஷர எடுத்து ஒரு தடவை அடிச்சேன்னா அவ்ளோ குறிப்பும் போயிடும். வண்டி புதுசா தெரியும், பிரச்சனை அப்படியே இருக்கும், அதுவும் யார் கண்ணுக்கும் தெரியாம.

ஒரு பெரியவர், சொந்த வண்டி ஓட்டுறவர், டிரைவ் ஆக்சில் வீல்ல இந்த துருக்கோடு நல்லா தெரிஞ்சுது. "அண்ணே, தண்ணி அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வந்து இதைப் பாருங்க"ன்னு கூப்பிட்டேன். "அது பழைய துருப்பா, அதைப் போக்கத்தான உன்கிட்ட கொண்டு வந்தேன்"னார். பழசுன்னா எல்லா நட்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும்ல, பத்துல மூணுல மட்டும் இருக்கே, அதுவும் பக்கத்துப் பக்கத்துலன்னு காட்டினேன். குனிஞ்சு கட்டை விரலால தேச்சுப் பார்த்தார், புதுத் துரு, விரல்ல ஆரஞ்சா ஒட்டுச்சு. ஒண்ணும் பேசாம போனை எடுத்து மெக்கானிக்க வரச் சொன்னார். அவன் டார்க் ரெஞ்ச், அதாவது எவ்ளோ இறுக்கம்னு காட்டுற ஸ்பேனர், போட்டா நட்டு திரும்புது. ஹப் பைலட் வீல்ல, அதாவது நடு ஓட்டை ஹப் மேல உக்கார்ற வகை வீல்ல, அந்த எம்22 நட்டுக்கு 450-ல இருந்து 500 அடி-பவுண்ட் டார்க் இருக்கணும், வீல் மாட்டி 50-ல இருந்து 100 மைலுக்குள்ள திரும்பவும் ஒரு தடவை செக் பண்ணணும், சமீபத்துல டயர் மாத்தினவங்க அந்த ரெண்டாவது செக்க யாரும் பண்ணல. எல்லா துருக்கோடும் லூஸ் நட்டுன்னு அர்த்தம் இல்லதான், ஆனா அது மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம், கழுவுறவன் அழிச்சிடுற விஷயம் இல்ல. இப்ப நான் என்ன பண்றேன்னா, இந்த மாதிரி எதைப் பார்த்தாலும் போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிட்டுத்தான் தண்ணியத் திறக்கிறேன்.

சரி, அடுத்தது மெட்டல். இங்கதான் எல்லா வித்தையும் இருக்கு, எல்லா நஷ்டமும் இங்கதான் இருக்கு.

ட்ரக்ல பளபளன்னு தெரியுறது பெரும்பாலும் மூணுல ஒண்ணு: அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், குரோம் பூசின ஸ்டீல். இப்பல்லாம் குரோம் பூசின பிளாஸ்டிக்கும் நிறைய வருது, நட் கவர், கிரில் ஓரம் எல்லாம் அதுதான். தூரத்துல இருந்து பார்த்தா எல்லாம் ஒண்ணுதான். கிட்ட போனா குரோம் லேசா நீலம் கலந்த மாதிரி இருக்கும், ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் மஞ்சள் சாயல்ல இருக்கும், அலுமினியம் வெள்ளையா இருக்கும். கண்ணை மட்டும் நம்ப வேணாம், பாக்கெட்ல ஒரு சின்ன காந்தம் வச்சுக்கணும். நல்லா ஒட்டிச்சுன்னா பெரும்பாலும் குரோம் பூசின ஸ்டீல், அலுமினியத்துல ஒட்டவே ஒட்டாது, ஸ்டெயின்லெஸ்ல கிரேடு பொறுத்து, 304-ல கிட்டத்தட்ட ஒட்டாது, 430-ல ஒட்டும். அப்புறம் துணி டெஸ்ட். வெள்ளைத் துணியில துளி மெட்டல் பாலிஷ் எடுத்து யாரும் பார்க்காத ஒரு மூலையில தேய்க்கணும். துணி கறுப்பாச்சுன்னா வெறும் அலுமினியம், மேல கோட்டிங் எதுவும் இல்ல, பாலிஷ் பண்ணலாம். பார்த்தா அலுமினியம் மாதிரி இருக்கு, ஆனா துணி கறுக்கவே இல்லன்னா நிறுத்திடணும். அது அனோடைஸ் பண்ணதா, அதாவது கரண்ட் விட்டு மேல ஆக்சைடு படலம் ஏத்தினதா இருக்கலாம், நிறமில்லாத கிளியர் கோட் அடிச்சதா இருக்கலாம், இல்ல டியூரா-பிரைட் மாதிரி கம்பெனியிலயே மேல்பரப்ப பதப்படுத்தின வீலா இருக்கலாம். ஃபோர்ஜ்டு அலுமினிய ட்ரக் வீல 1948-ல கொண்டு வந்த அல்கோவா கம்பெனியோட பேர்ல வர்ற வீல்தான் அந்த டியூரா-பிரைட். அதுக்கு சோப்பும் தண்ணியும் போதும், பாலிஷ் போடவே கூடாது. போட்டா அந்தப் பதத்தையே சுரண்டி எடுத்துடுறோம், திரும்ப நம்மால கொண்டு வர முடியாது. வீல்ல அந்தப் பேர் எழுதியிருக்கும், படிக்கிற பொறுமை இருந்தா போதும்.

குரோம்ல இன்னொரு தொல்லை. சின்னச் சின்னப் புள்ளியா துரு தெரிஞ்சா அது மேல விழுந்த துரு இல்ல, அடியில இருக்குற ஸ்டீல் துருப்பிடிச்சு பூச்சு வழியா வெளிய வருது. எவ்ளோ பாலிஷ் பண்ணாலும் புள்ளி குழியா நிக்கும். கஸ்டமர்கிட்ட அதை முன்கூட்டியே சொல்லிடணும், துருவ எடுத்து சீலன்ட் போட்டு இன்னும் பரவாம பார்த்துக்கலாம், புதுசாக்க முடியாது, வேணும்னா பம்பரையே மாத்துங்கன்னு.

இப்ப கெமிக்கல். பெரிய ஃப்ளீட் வாஷ்ல டூ-ஸ்டெப்னு ஒரு முறை இருக்கு, தேய்க்காமலே கழுவுறது. முதல்ல ஆசிட் சோப்பு அடிப்பாங்க, அடுத்து அதுக்கு எதிரான காரம் (ஆல்கலி), அப்புறம் அலசினா வண்டி மேல இருக்குற அந்த சாம்பல் நிற ரோடு ஃபிலிம் கழண்டு ஓடிடும். 53 அடி ட்ரெய்லர பிரஷ் போட்டு தேய்க்கிறத நினைச்சா இது எவ்ளோ பெரிய நேர மிச்சம்னு புரியும், பெயின்ட் அடிச்ச ட்ரெய்லர் பெட்டிக்கு நல்லாவே வேலை செய்யும். ஆனா வெறும் அலுமினியத்துக்கு ரெண்டு பக்கமும் ஆகாது. அலுமினியத்தக் காப்பாத்துற மெல்லிய ஆக்சைடு படலம் பிஎச், அதாவது ஆசிட்-கார அளவு, சுமார் 4-க்கும் 8.5-க்கும் நடுவுலதான் நிலையா இருக்கும். அதுக்குக் கீழ போனாலும் கரையும், மேல போனாலும் கரையும். பாலிஷ் பண்ண டேங்க் மேல காட்டமான காரம் ரெண்டு நிமிஷம் நின்னு காஞ்சுதுன்னா அந்த இடம் வெளுத்துப் போய் கோடு கோடா வழிஞ்ச தடமா நின்னுடும், அதைப் போக்க சேண்ட் பண்றதுல இருந்து ஆரம்பிக்கணும். வெயில்ல சூடான டேங்க்னா ரெண்டு நிமிஷம்கூட வேணாம்.

ஆசிட் பத்தி இன்னொண்ணு சொல்லியே ஆகணும், இது வேலை பார்க்கிற பசங்களுக்கு. சில அலுமினிய பிரைட்னர்ல ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் இருக்கும், இல்லன்னா அமோனியம் பைஃப்ளோரைடு, தண்ணியில கலந்தா அதுவும் அந்த வேலையத்தான் பண்ணும். அடிச்ச உடனே வீல் வெள்ளை வெளேர்னு ஆகும், அதனாலதான் பசங்களுக்கு அது மேல ஆசை. கண்ணாடி மேல பட்டா கண்ணாடியவே அரிக்கும். தோல் மேல பட்டா, டைல்யூட் பண்ணதா இருந்தா, அப்போ வலிக்காது. சில மணி நேரம் கழிச்சுதான் வலி ஆரம்பிக்கும், அதுக்குள்ள அது ஆழமா இறங்கி உடம்புல இருக்குற கால்சியத்தப் பிடிச்சுடும். அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல 2001-ல இருந்து 2013 வரைக்கும் கார், ட்ரக் கழுவுற வேலையில இந்த ஆசிட்டால பாதிக்கப்பட்டவங்கன்னு 48 பேரைக் கண்டுபிடிச்சாங்க, அதுல 7 பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க, 2 பேருக்கு ஆபரேஷன். இது போக, இந்த ஆசிட் கலந்த வாஷ் திரவம் வயித்துக்குள்ள போய் ஒரு ட்ரக் வாஷ் தொழிலாளி செத்தே போயிட்டார். வண்டி கழுவப் போய் ஒருத்தன் சாகணுமா? என் ஷெட்டுக்குள்ள அந்த டப்பா வராது. ஏற்கனவே அதை வச்சு வேலை பார்க்கிற இடத்துல இருக்கீங்கன்னா கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும், பட்ட உடனே தண்ணியில நல்லா கழுவி ஜெல் தடவி, வலிக்குதோ இல்லையோ ஆஸ்பத்திரிக்குப் போகணும், போய் என்ன ஆசிட்னு பேரச் சொல்லணும். முதலாளி வாங்கித் தரலன்னா அந்த வேலைய செய்யாதீங்க.

பாலிஷிங்குக்கு வர்றேன். இது எனக்குப் பிடிச்ச பகுதி, அதனால கொஞ்சம் நீட்டுவேன்.

கீறலும் குழியும் இருந்தா முதல்ல சேண்டிங், 320 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 400, 600, 800-ன்னு போகும். ஒவ்வொரு கிரிட்டும் முந்தினது போட்ட கீறல முழுசா எடுத்தாத்தான் அடுத்ததுக்குப் போகணும், இங்க அவசரப்பட்டா கடைசியில நல்லா பளபளக்கிற வீல்ல சுருள் சுருளா சேண்டிங் தடம் தெரியும், வெயில்ல நிறுத்தின உடனே கஸ்டமர் கண்ணுல படும். அப்புறம் ஏர்வே பஃபிங் வீல், துணிய மடிச்சு மடிச்சுத் தைச்ச வட்டம், காத்து போக இடைவெளி விட்டது. கட் பண்றதுக்கு விறைப்பான துணி, ஃபினிஷுக்கு மெத்துனு ஃபிளானல். அதுல தேய்க்கிற காம்பவுண்ட் கட்டி ஒவ்வொரு கலர்ல வரும், அந்தக் கலரக் கணக்குல வச்சு மட்டும் வாங்காதீங்க, ஒரு கம்பெனியோட பச்சை இன்னொரு கம்பெனியோட பச்சை கிடையாது. ஒரு துணிக்கு ஒரே காம்பவுண்டுதான், மாத்திப் போட்டா கட்டிங் துகள் ஃபினிஷ்ல வந்து உக்காந்துடும்.

மெஷின அழுத்தவே கூடாது, புதுசா வர்றவங்க எல்லாரும் அழுத்துறாங்க. அழுத்தினா சூடாகும், சூடானா காம்பவுண்ட் உருகி மெட்டல் மேல கறுப்புத் தாரா ஒட்டும், அதைப் போக்க இன்னும் அழுத்துவாங்க. கையில மெஷினோட எடை மட்டும் போதும், வேலைய துணியும் வேகமும் பார்த்துக்கும். நான் காதால கேட்டுத்தான் ஓட்டுறேன். காம்பவுண்ட் வேலை செய்யும்போது ஒரு கனமான சீரான சத்தம் வரும், அது தீர்ந்ததும் சத்தம் மெலிசாகி வறட்சியா கேக்கும், அப்போ நிறுத்தி ரேக்கால துணியக் கிளறி விட்டு திரும்ப காம்பவுண்ட் போடணும். கட்டிங் ஒரு திசையில, ஃபினிஷ் அதுக்குக் குறுக்க. ஒவ்வொரு பட்டையும் முந்தின பட்டை மேல பாதி ஏறணும்.

வீல்ல இருக்குற கை ஓட்டைகள், அந்த ஓரங்கள்தான் ஆபத்து. பஃபிங் வீல் சுத்துறது எப்பவும் ஓரத்த விட்டு வெளிய போற திசையில இருக்கணும், ஓரத்த எதிர்த்து உள்ள போனா துணி மாட்டி மெஷின் கைய விட்டுப் பறக்கும். தொளதொள சட்டை, கழுத்துல டேக், தொங்குற கயிறு எதுவும் கூடாது. பறக்குற அந்த கறுப்புப் புழுதி அலுமினியத் தூள், காம்பவுண்ட், துணி நார் எல்லாம் சேர்ந்தது, சாதாரண துணி மாஸ்க் பத்தாது, சரியா பொருந்துற ரெஸ்பிரேட்டர் போடணும். அலுமினியத் தூள் நல்லா தீப்பிடிக்கும், அதனால அதே இடத்துல ஸ்டீல் கிரைண்டிங் பண்ணி பொறி பறக்க விடுறது, தூளக் கூட்டிக் குவிச்சு வைக்கிறது எல்லாம் வேணாம்.

முடிஞ்சதும் மெட்டல் மேல எண்ணெய்ப் படலம் ஒண்ணு மிச்சம் இருக்கும், கண்ணுக்கு பளபளன்னு தெரிஞ்சாலும் விரல் வச்சா தடம் விழும். அதை எடுக்கத்தான் சோள மாவு. சிரிக்காதீங்க, பழைய பாலிஷ்காரங்க எல்லாரும் பண்றதுதான். மாவத் தூவி சுத்தமான மைக்ரோஃபைபரால மெதுவா துடைச்சா எண்ணெய மாவு குடிச்சிடும், கறுப்பு மாவா துணியில வந்துடும். துணியத் திருப்பித் திருப்பி, வெள்ளையாவே வர்ற வரைக்கும். அந்தக் கடைசித் துடைப்புல மேகம் விலகி ஆழம் தெரியும், கீழ தரையில இருக்குற சின்னக் கல்லு கூட வீல்ல தெளிவா தெரியும், எத்தனை வீல் பண்ணாலும் அந்த இடத்துல நான் ஒரு நிமிஷம் நின்னு பார்க்காம போறதில்ல. படலம் போனாத்தான் சீலன்ட்டும் ஒட்டும். வீல கழட்டி வச்சு பாலிஷ் பண்றதா இருந்தா ஒண்ணு முக்கியம், ஹப் மேல உக்கார்ற முகத்துலயும் டூயல் வீல் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ற முகத்துலயும் நட்டு உக்கார்ற இடத்துலயும் வேக்ஸோ கோட்டிங்கோ படக்கூடாது. மெட்டலும் மெட்டலும் நேரடியா அழுந்தி நிக்கிற இடம் அது, நடுவுல எதுவும் இருந்தா கொஞ்ச தூரம் ஓடினதும் நட்டு இறுக்கம் குறையும்.

பாலிஷிங்ல பறக்குற கறுப்பு எல்லா இடத்துலயும் படியும், அதனால மெட்டல் முதல்ல, அப்புறம் திரும்ப ஒரு கழுவு, அதுக்கப்புறம்தான் பெயின்ட். பெயின்ட் பத்தி நிறைய பேர் நிறைய எழுதியாச்சு, ட்ரக்குக்கு மட்டும் உள்ளத சொல்றேன். ஹூட் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ் இல்ல அது மாதிரி கலவை, சாதாரண பெயின்ட் திக்னஸ் கேஜ் அதுல எதையும் காட்டாது, ஏன்னா அதுக்கு அடியில மெட்டல் வேணும், அல்ட்ராசோனிக் கேஜ்தான் வேணும். கிளியர் கோட்டே சுமார் 40-60 மைக்ரான்தான், எவ்ளோ மிச்சம் இருக்குன்னு தெரியாம ஹூட் ஓரத்துல கட்டிங் பேட் வைக்கிறது சூதாட்டம். பூச்சிக் கறைய தேய்க்காம ஊற வைங்க, ஈரத் துணிய மேல போட்டு விட்டுட்டு வேற வேலை பாருங்க. சிவப்பு வெள்ளை ரிஃப்ளெக்டிவ் டேப் மேல காம்பவுண்ட், தின்னர் எதுவும் வேணாம், ராத்திரி பின்னாடி வர்றவனுக்கு அந்த வண்டி அங்க இருக்குன்னு சொல்றது அதுதான். ஸ்டிக்கர் ஓரத்துல பிரஷர் வாஷர நேரா காட்டினா உரிஞ்சிடும். ரேடியேட்டர் ஃபின்னையும் கிட்டப் போய் அடிச்சா மடிஞ்சிடும், மடிஞ்சா காத்து போகாது.

பளபளப்பே வேணாம்னு நான் சண்டை போடுற இடங்களும் இருக்கு. ஏறுற படி, கேபினுக்குப் பின்னாடி நிக்கிற அந்த கேட்வாக் தட்டு, பெடல், ஸ்டீயரிங். இதுல சிலிகான் டிரஸ்ஸிங் போட்டா வழுக்கும். மழையில, ராத்திரியில, கையில பேப்பரோட அந்தப் படியில இறங்குறவர் வழுக்கி விழுந்தா முட்டியோ முதுகோ போயிடும், அவரு தொழிலும் போயிடும். ஃபிஃப்த் வீல், அதாவது ட்ரெய்லர் வந்து மாட்டுற தட்டு, அது மேல இருக்குற கிரீஸ் பார்க்க அசிங்கமாத்தான் இருக்கும், அது அங்க இருக்கணும், ட்ரெய்லரோட எடை அது மேல உக்காந்துதான் திரும்புது. சுத்தம் பண்ணச் சொல்லிக் கேட்டா, பழசை எடுத்தா புதுசு போட்டுத்தான் வண்டிய வெளிய விடுவேன்னு சொல்லிட்டு அப்படியே செய்யணும்.

உள்ள ஸ்லீப்பர், சீட்டுக்குப் பின்னாடி படுக்கை இருக்குற இடம். வெளிய பண்றதெல்லாம் ஒரு வகை, இது வேற வகை, ஏன்னா இது ஒருத்தரோட பெட்ரூம். வாரக்கணக்கா அங்கதான் தூங்குறார், சாப்பிடுறார், வீட்டுக்கு போன் பேசுறார். அதனால கதவத் திறக்கிறதுக்கு முன்னாடி கேட்டுக்கணும், எதைத் தொடலாம், எது இருந்த இடத்துலயே இருக்கணும்னு. மாத்திரை டப்பா, பர்மிட் பேப்பர், சாமி படம், குழந்தை போட்டோ எல்லாத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, ஒரு பெட்டியில தனியா எடுத்து வச்சு, முடிஞ்சதும் அதே இடத்துல வைக்கிறேன். டிரைவர் வண்டி ஓட்டுற நேரத்தப் பதிவு பண்ற எலக்ட்ரானிக் லாக் (log) கருவியோட ஒயர நாமளா பிடுங்கக் கூடாது. என்கூட வேலை பார்க்கிற தம்பிகிட்ட நான் சொல்றது ஒண்ணுதான், குப்பைன்னு நீ நினைக்கிற எதையும் அவரக் கேக்காம தூக்கிப் போடாத. டேஷ்போர்டு மூலையில கசங்கிக் கிடக்குற ரசீது அவருக்கு வரவேண்டிய காசா இருக்கும்.

நாத்தம்தான் உள்ள பெரிய வேலை. சிகரெட் நாத்தம்னா நறுமணம் அடிச்சு மறைக்கிறது வேலைக்கே ஆகாது, ரெண்டு நாள்ல திரும்ப வந்துடும். தார்ப் படலம் கண்ணாடி, பிளாஸ்டிக், கூரைத் துணி எல்லாத்துலயும் படிஞ்சிருக்கும். வெள்ளைத் துணியால கண்ணாடிய ஒரு இழு இழுத்தா பழுப்பா வரும், அப்பவே எவ்ளோ வேலைன்னு தெரிஞ்சிடும். கடினமான பரப்பு எல்லாத்தையும் துடைச்சு, சீட், மெத்தை, திரைய எக்ஸ்ட்ராக்டரால இழுத்து, கேபின் ஏர் ஃபில்டர மாத்தி, இதெல்லாம் முடிச்ச பிறகும் நாத்தம் இருந்தாத்தான் ஓசோன் மெஷின். ஓசோன் ஓடும்போது உள்ள ஆளே இருக்கக்கூடாது, நிறுத்தின பிறகும் கதவு எல்லாம் திறந்து விட்டு நல்லா காத்தாட விடணும், நுரையீரலுக்கு அது நல்லதில்ல, ரொம்ப நேரம் விட்டா ரப்பர் சீலையும் வெடிக்க வச்சிடும். கூரைத் துணிய நனைய விடாதீங்க, பின்னாடி இருக்குற பசை விட்டா தொங்கிடும், நுரைய மட்டும் போட்டு ஒத்தி எடுக்கணும். மெத்தை முழுசா காயாம டிரைவர ராத்திரி அதுல படுக்க விடக்கூடாது. இங்கதான் நேரம் போகும், இங்கதான் பல பேர் அவசரப்படுறாங்க. ஈர மெத்தையோட வண்டிய கொடுத்தா ஒரு வாரத்துல பூஞ்சை நாத்தம், அப்ப சிகரெட்டே பரவாயில்லன்னு தோணும்.

ரேட் கேக்குறவங்களுக்கு போன்லயே ஒரு தொகை சொல்றது எனக்குப் பிடிக்காது. வண்டிய பார்க்காம எப்படி சொல்றது? பத்து டயர் டிராக்டர்ல வெளிய முகம் தெரியுற வீல் ஆறு, அந்த ஆறும் வருஷக்கணக்கா பாலிஷ் பார்க்காததா, போன சீசன்ல பண்ணதா, யாரோ ஆசிட் அடிச்சு வெளுத்ததான்னு பொறுத்து வேலை ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஆகும். நேரம்தான் இதுல காசு. எனக்கு மட்டும் இல்ல, டிரைவருக்கும், வண்டி நின்னா அவருக்கு வருமானம் நிக்குது. அதனால நான் சொல்ற நேரத்துக்கு வண்டிய கொடுக்கிறத பளபளப்ப விட முக்கியமா நினைக்கிறேன். முடியாதுன்னு தெரிஞ்சா வேலையக் குறைச்சுப்போம், இந்தத் தடவை டேங்க்கும் முன் வீலும் மட்டும், மீதி அடுத்த லோடு இறக்கின பிறகுன்னு. அவசர அவசரமா எல்லாத்தையும் பாதிப் பாதி பண்றதுக்கு இது எவ்வளவோ மேல், கஸ்டமரும் புரிஞ்சுக்கிறாங்க, முதல்லயே சொன்னா.

கழுவின தண்ணி எங்க போகுதுன்னும் பார்த்துக்கோங்க, முக்கியமா மொபைலா போய் வேலை பார்க்கிறவங்க. டீசல், கிரீஸ், மெட்டல் தூள், சோப்பு எல்லாம் கலந்த தண்ணி அது, மழைநீர் வடிகால்ல விட்டா நேரா ஆத்துக்குப் போயிடும், பல இடத்துல சட்டப்படி குத்தமும் கூட. தண்ணியத் தேக்குற பாயும் உறிஞ்சுற பம்பும் வாங்குறது செலவுதான், அந்தச் செலவ ரேட்டுல சேர்த்துக்கோங்க, விட்டுடாதீங்க.

வண்டிய கொடுக்கும்போது நான் சொல்லி அனுப்புறது கொஞ்சம்தான். ரோட்ல எந்த வாஷுக்குள்ள போனாலும் வண்டிய நிறுத்துறதுக்கு முன்னாடியே ஆசிட் வேணாம், பிரைட்னர் வேணாம், வெறும் சோப்பு போதும்னு சொல்லிடுங்க. சொல்லலன்னா பழக்கத்துல அடிச்சிடுவாங்க. உப்பு போட்ட ரோட்ல ஓடினா வாய்ப்புக் கிடைக்கிறப்பல்லாம் அடிப்பக்கத்த வெறும் தண்ணியிலயாவது அலசுங்க, அலுமினியமும் ஸ்டீலும் ஒட்டி இருக்குற இடத்துல உப்புத் தண்ணி நின்னா ரெண்டும் சேர்ந்து அரிக்கும். வீல் கறுக்க ஆரம்பிச்சா கடையில விக்கிற கம்பி நார் எடுத்து தேய்க்காதீங்க, அப்படியே கொண்டு வாங்க. வாரத்துக்கு ஒரு தடவை நட்டுப் பக்கம் ஒரு பார்வை பாருங்க, இப்ப எல்லாம் சுத்தமா இருக்கு, புதுசா ஒரு துருக்கோடு வந்தாலும் தூரத்துல இருந்தே தெரியும்.